நூறு வெள்ளிப்பணம் சிறு தொகையா?

கேள்வி: உணவங்காடி நிலையத்தில் கடை எடுப்பதற்காக 2016இல் என் தம்பி என்னிடம் 18,000 வெள்ளி வாங்கினான். ஒரே ஆண்டில் கடையை மூடிவிட்டான். பணமும் திரும்பவில்லை, வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தையும் வரவில்லை. இப்போது வங்கிக் கடனுக்கு என்னைப் பிணை நிற்கச் சொல்கிறான். சபை மூப்பரோ, "மறந்து மன்னித்துவிடுங்கள்" என்கிறார். கர்த்தருடைய ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடம் வந்ததும் என் வாய் அடைத்துக்கொள்கிறது. அன்று பணம் எடுத்த வங்கிச் சீட்டு இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அதைக் கிழித்துவிட வேண்டுமா? — வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, வாய் அடைத்துக்கொள்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். ஞாயிறுதோறும் அந்த வரியை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவர்களில் நானும் ஒருவன். நீங்களோ அது என்ன கேட்கிறது என்று புரிந்துகொண்டு திகைத்து நிற்கிறீர்கள்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று கேட்ட பேதுருவிடம் "ஏழெழுபதுதரமட்டும்" என்று பதிலளித்த இயேசு, உடனே ஒரு கடன் கதையைச் சொல்கிறார். ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான். டாலரை 'வெள்ளி' என்றே சொல்லிப் பழகிய சிங்கப்பூர்த் தமிழர் காதில் நூறு வெள்ளி என்பது ஒரு வாரச் சந்தைச் செலவுபோலத்தான் விழும். ஆனால் அதே சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு நாள் சம்பளம் ஒரு பணம். அப்படியானால் நூறு வெள்ளிப்பணம் என்பது நூறு நாள் உழைப்பு. பிரசங்கங்களில் இதை அற்பத் தொகை என்று சொல்லிக் கடந்துவிடுவது எனக்கு ஒருபோதும் உடன்பாடானதில்லை. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலிக்குச் சமம் என்பதால், தேவன் நமக்கு விட்டுக்கொடுத்ததன் அருகே அந்த நூறு சிறுத்துப்போகிறது என்பது உண்மை. ஆனாலும் பட்டவருக்கு அது வலிக்கும் தொகைதான். உங்கள் 18,000 வெள்ளியையும் யாரும் அற்பமாக்கத் தேவையில்லை.

அந்தக் கதையில் ராஜா முதலில் கணக்குப் பார்க்கிறார். கடன் எவ்வளவு என்று தெரிந்த பிறகே மனதிரங்கி மன்னிக்கிறார். ஆகவே மறந்தால்தான் மன்னித்ததாகும் என்று மூப்பர் கருதினால், அந்த இடத்தில் நான் அவரோடு வேறுபடுகிறேன். சகோதரன் குற்றஞ்செய்தால் "அவனைக் கடிந்துகொள்" என்று லூக்கா 17இல் இயேசுவே சொல்கிறார். தம்பிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், அவர் மௌனம் உங்களை என்ன செய்தது, இனி அந்தப் பணத்தைக் கேட்கப் போவதில்லை என்ற மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவதை இன்று எழுத முடியாவிட்டால், எழுத முடிகிற நாள்வரை ஜெபித்துக் காத்திருங்கள். மனமில்லாமல் எழுதினால் அடுத்த தீபாவளி விருந்திலோ கிறிஸ்துமஸ் விருந்திலோ யாராவது கடைப் பேச்சை எடுத்ததும் அது வெளிப்பட்டுவிடும்.

பிணை நிற்பது வேறு விஷயம். மன்னிப்பு பழைய கடனுக்கானது, பிணையோ இனி வரப்போகும் கடனுக்கானது. அதற்கு நம்பிக்கை வேண்டும், நம்பிக்கையை அவர்தான் மீண்டும் சம்பாதிக்க வேண்டும். யோசேப்புகூடத் தன் வெள்ளிப் பாத்திரத்தைப் தம்பி பென்யமீனின் சாக்கில் வைத்து, தன்னை விற்றுப்போட்ட சகோதரரைச் சோதித்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தி அழுதான். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரமும் பிணைப்படுவதை எச்சரிக்கிறது. மறுப்பதால் நீங்கள் மன்னிக்காதவராகிவிட மாட்டீர்கள். "முடியாது தம்பி" என்று கோபமில்லாமல் சொல்லிவிடுங்கள்.

சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது கிழிக்க வேண்டாம். கடிதத்தில் தொகையைச் சரியாக எழுத அது தேவைப்படும். தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு கிழியுங்கள்.