அலாய் வாங்கியாச்சு, ஹப்புல ஓட்டை சேரலை: பி.சி.டி. கேள்வி பதில்

காட்பாடியிலிருந்து: அண்ணே, என் ஸ்விஃப்ட்டுக்கு 4×108 அலாய் சல்லிசா கிடைக்குது. ஹப்புல (வீல் மாட்டுற நடுப்பாகம்) புதுசா ஓட்டை போட்டுடலாமா?

வேணாம் தம்பி. உன் வண்டி 4×100: அதாவது 4 ஓட்டை, அதுங்க நடு வழியா போற வட்டத்தோட விட்டம் 100 மி.மீ. அந்த விட்டம்தான் பி.சி.டி. நடுவிலிருந்து ஸ்டட் (வீல் நட்டு ஏறுற மரைக் கம்பி) 50 மி.மீ. தள்ளி இருக்கு, அந்த அலாய்க்கு 54 மி.மீ. வேணும். வித்தியாசம் வெறும் 4 மி.மீ., ஸ்டட்டோ 12 மி.மீ. தடிமன். அதே இடத்துல போட்டா புது ஓட்டை பழசுக்குள்ளயே விழும். அதனால 45 டிகிரி திருப்பித்தான் போடணும். 4 ஓட்டைக்குச் செஞ்ச ஃபிளேஞ்ச்ல (ஹப்போட தட்டையான முகம்) அப்போ 8 ஓட்டை. முன்னாடி டிஸ்க்கையும் பின்னாடி டிரம்மையும் அதே கணக்குல துளைக்கணும். ஸ்டட்டோட தலை உள்பக்கம் எதுலயும் உரசாம சுத்தணும். பழைய ஓட்டையை வெல்டு வெச்சு அடைக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதே. சூட்டுல ஃபிளேஞ்ச் நெளியும், பிரேக் மிதிச்சா பெடல் அதிரும், பேரிங் கிரீஸும் கருகும்.

4×100 அலாய் ஊரெல்லாம் கிடைக்குது. ஹோண்டா சிட்டியும் 4×100தான். ஆனா அதோட நடுத் துளை 56.1 மி.மீ., உன் ஹப் 54.1. அந்த இடைவெளியை அடைக்க நடுவுல ரிங் போடணும். சிட்டி நட்டைப் போட்டுடாதே: ஸ்விஃப்ட் 12×1.25 மரை (12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ.), சிட்டி 12×1.5. ஹப்பைத் தொடாதே, வீலை மாத்து.

ஆம்பூரிலிருந்து: 5 ஓட்டை வீலுக்கு எதிர் ஓட்டையே இல்லையே, பி.சி.டி.யை எப்படி சார் அளக்கிறது?

பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஓட்டையை எடுங்க. ஒண்ணோட இடது விளிம்புலேர்ந்து அடுத்ததோட இடது விளிம்பு வரைக்கும் வெர்னியர்ல அளந்து, 1.701-ஆல பெருக்குங்க. 67.2 வந்தா 5×114.3, இன்னோவா அதுதான். 58.8 வந்தா 5×100. டேப் வெச்சு அளந்தா ஏமாந்துடுவீங்க.

ஆற்காட்டிலிருந்து: பழைய பேலியோ 4×98. 4×100 அலாய் இறுக்கினா உட்கார்ந்துடுதே?

உட்கார்ந்த மாதிரி தெரியும். ஒவ்வொரு போல்ட்டும் 1 மி.மீ. இழுபட்டு, போல்ட் தலையோட கூம்பு ஒரே பக்கம் அழுத்திட்டு நிக்கும். கழட்டிடுங்க.

குடியாத்தத்திலிருந்து: ஸ்விஃப்ட் ஹப்புல 4×108 போடலாமா?

காட்பாடி தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

ராணிப்பேட்டையில் லேத் வெச்சிருக்கவர்: டிவைடிங் ஹெட்டுல (வட்டத்தைச் சரியான கோணத்துல பிரிச்சுத் திருப்புற கருவி) வெச்சா நூல் பிசகாது சார். வீணா பயமுறுத்தாதீங்க. வண்டி எடையைத் தாங்குறது ஸ்டட்டுதானே, எண்ணிக்கை கூடினா நல்லதுதானே?

உங்க கைத்திறமையில எனக்குச் சந்தேகமே இல்லைங்க. ஆனா எடையை ஸ்டட் குறுக்கால தாங்கலை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் நீளுது. அந்த இழுப்புல வீல் முகமும் ஹப் முகமும் ஒட்டிப் பிடிக்குது, எடையைத் தாங்குறது அந்தப் பிடிப்பு. 12 மி.மீ. ஸ்டட்டை 100 நியூட்டன் மீட்டர் இறுக்கினா சுமார் 4 டன் அழுத்தம் வரும். முகத்துல ஓட்டை கூடினா ஒட்டுற இடம் குறையும். பிசிறோ பெயின்ட்டோ இருந்தா நாளாக ஆக அது அமுங்கி நட்டு தளரும். தளர்ந்த பிறகுதான் ஸ்டட் குறுக்கு வெட்டு வாங்கும், அறுந்துபோகும்.

அவரே: நடு ரிங்தான் தாங்குதுன்னு டயர் கடையில சொல்றாங்களே?

ரிங் மாட்டும்போது வீலை நடுவுல நிறுத்தும், அவ்வளவுதான். பாதி ரிங் பிளாஸ்டிக்லயே வருது, அதுவா எடை தாங்கும்? ஒண்ணு ஒத்துக்கிறேன்: ஓட்டையே போடாத புது ஹப் கிடைச்சா, தேவையான அளவுல நீங்க துளைச்சுக் கொடுங்க. அது முறையான வேலை.

வாணியம்பாடியிலிருந்து: ஸ்டட் மரையில கிரீஸ் தடவலாமா?

கூடாது. அதே ரெஞ்ச் அளவுக்கு இழுப்பு ரொம்பக் கூடி ஸ்டட் நீண்டுடும்.

வாலாஜாவிலிருந்து: ஆர்.டி.ஓ. பிடிப்பாங்களா?

வண்டியில மாற்றம் செய்யறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் பாருங்க, இல்லேன்னா ஆபீஸ்லயே கேளுங்க.

குடியாத்தத்திலிருந்து, மறுபடி: ஒரு ஓட்டை மட்டும் போட்டா?

ஹப்பைத் தொடாதீங்க.

ஜோலார்பேட்டையிலிருந்து: வேற பி.சி.டி. வீலுக்காக ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல 20 மி.மீ. அடாப்டர் தட்டு மாட்டினேன். ஏலகிரி இறங்கும்போது ஸ்டியரிங் ஆடுது. அலைன்மென்ட்டா?

14 கொண்டை ஊசியை அப்படியே இறங்கினீங்களா! இனிமே வண்டியை எடுக்காதீங்க. வீலைக் கழட்டி, ஹப்போட பழைய ஸ்டட் முனை அடாப்டரைத் தாண்டி வெளிய நீட்டுதான்னு பாருங்க. நீட்டினா அது வீலோட முதுகுல முட்டும், வீல் படியவே படியாது. அலாயோட பின்பக்கம் வட்டமா புதுத் தழும்பு இருந்தா அதேதான். நீட்டலைன்னா, அடாப்டரை ஹப்போட பிடிக்கிற உள் நட்டு தளர்ந்திருக்கும். வீலைக் கழட்டாம அது கண்ணுக்கே தெரியாது, அதனாலதான் அடாப்டரே வேணாம்னு நான் சொல்றது. அடாப்டரைக் கழட்டிட்டு, இப்போதைக்குப் பழைய வீலைப் போட்டுக்குங்க. 50 கிலோமீட்டர் ஓடினதும் டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து காட்டுற ரெஞ்ச்) நட்டை ஒருமுறை பார்த்துடுங்க.