"மீனாட்சி" என்றால் மீன்கொடி ஆட்சி என்று பொருளா? மகளுக்கு வைத்தால் எப்படி எழுதுவது?

இல்லை. பாண்டியர் கொடியில் மீன் இருந்ததை வைத்து யாரோ கட்டிவிட்ட விளக்கம் அது. இந்தப் பெயரில் வரும் 'ஆட்சி'க்கும் அரசாட்சிக்கும் சம்பந்தமே கிடையாது.

மீன + அக்ஷி என்று பிரிக்க வேண்டும். அக்ஷி என்றால் வடமொழியில் கண். நடுவில் இரண்டு அகரம் சேர்ந்து ஆகாரமாகிறது. லக்ஷம் லட்சமானது போல க்ஷ, ட்ச ஆகிறது. விசாலாட்சியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகன்ற கண்ணுடையவள் என்றுதானே சொல்கிறோம், விசாலமான ஆட்சி என்றா சொல்கிறோம்?

ஆக, மீன் போன்ற கண்ணுடையவள். கண்ணின் வடிவத்தோடு இது நின்றுவிடுவதில்லை. மீனுக்கு நம்மைப் போல் மூடித் திறக்கும் இமை இல்லை. அதனால் இமைக்காமல் காப்பவள் என்றும் சொல்வார்கள். தாய்மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. உயிரியல் ஒப்பாது, ஆனாலும் எனக்குப் பிடித்த விளக்கம் அதுதான்.

தமிழ்ப் பெயரே வேண்டும் என்றால் அங்கயற்கண்ணி இருக்கிறது. அம் (அழகிய) + கயல் + கண் + இ. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் மதுரைப் பதிகத்தில் அம்மனை இந்தப் பெயரால்தான் பாடுகிறார். 'அங்கயர்கண்ணி' என்று எழுதிவிடாதீர்கள். கயலின் ல், அடுத்து க வருவதால் ற் ஆகும். இடையின ர் அங்கே வர வழியில்லை.

வீட்டில் மீனா, மீனு. செட்டிநாட்டுப் பக்கம் மீனாள். ஆணுக்கு மீனாட்சிசுந்தரம். கூப்பிடுவது மீனாதானே என்று சான்றிதழிலும் அதையே பதிந்துவிட்டால், பெயரில் கண் போய் மீன் மட்டும்தான் மிஞ்சும்.

சிக்கல் வருவது ஆங்கில எழுத்தில்தான். நடுவில் கே-எஸ்-எச் போடுவோரும் உண்டு, டி-சி-எச் போடுவோரும் உண்டு. முதலாவது எல்லா மாநிலத்துக்காரர்களுக்கும் பழகியது; இரண்டாவது நம் உச்சரிப்புக்கு நெருக்கமானது. எதுவானாலும் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை. பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும். 'மீ'க்கு இரண்டு ஈ-யா, ஒரு ஐ-யா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.