சொதப்பல் துப்பறிவாளர் படங்களுக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு வருகிறது?

தன்னை மேதை என்று அவர் முழுசாக நம்புகிறாரே, அதுதான் காரணம். பூதக்கண்ணாடியோடு தடயம் தேடிக்கொண்டே போய்க் குளத்தில் விழுவார், எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, அதுவும் விசாரணையில் ஒரு பகுதி என்பதுபோல விறைப்பாக நடப்பார். குற்றவாளி யாரென்று பெரும்பாலும் நமக்கு முன்பே தெரிந்துவிடும், அவருக்குத்தான் தெரியாது.

அப்புறம், விழுவது சுலபமான நடிப்பு இல்லை. 1924-இல் வந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தில், துப்பறிவாளராகக் கனவு காணும் தியேட்டர் ஆபரேட்டராக வரும் பஸ்டர் கீட்டன்மேல் ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து நீர் கொட்டும். அந்த வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்ததில் அவருக்கு நிஜமாகவே கழுத்தில் எலும்பு முறிந்தது, பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் அது தெரியவந்தது. அந்த ஷாட் படத்திலேயே இருக்கிறது, அவசியம் பாருங்கள்.