டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

இணையதளம் முடிந்து முழுப் பணமும் கட்டிய பிறகு டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரைக் கேட்டால், தளம் செய்து கொடுத்த நிறுவனத்தார் இழுத்தடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேனின் (ICANN) லுக்அப் பக்கத்தில் தேடுங்கள். எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பது தெரியும். உங்கள் பெயரில் பதிவான டாட் காம் என்றால் அந்த ரெஜிஸ்ட்ராரிடமே மாற்றுக் குறியீடு (டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) கேளுங்கள். ஐகேன் விதிப்படி 5 நாளுக்குள் தர வேண்டும். தளம் செய்த நிறுவனத்தின் பெயரில் இருந்தால்தான் சிக்கல். ரசீது, மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் மாற்றத்தை எழுத்தில் கேளுங்கள்.

நானும் இதே தொழில்தான். முதல் நாளே வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் மின்னஞ்சலில், அவர் கார்டிலேயே டொமைன் வாங்க வைப்பேன். அடுத்தவர் வீட்டுச் சாவியை நான் ஏன் வைத்திருக்க வேண்டும்?

அப்புறம், பேச்சு முற்றுவதற்குள் தளத்தின் பேக்அப்பை வாங்கிவிடுங்கள். டேட்டாபேஸும் சேர்த்து.