வன்னியில் ஊரைத் திரும்பக் கட்டியது பற்றி: கேள்வி பதில்

தண்டையார்பேட்டைக்காரன் நான். 2012 முதல் நான்கு ஆண்டுகள் இலங்கையில் வன்னி என்று சொல்லும் கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் வீடு, குளம், வாய்க்கால் வேலைகளில் பொறியாளராக இருந்தேன். 2009-இல் போர் முடிந்த பிறகு அந்த ஊர்கள் எப்படி எழுந்தன என்று நம் பக்கத்து ஆட்கள் கேட்டு அனுப்பியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அரசியல் கேள்விகளை விட்டுவிட்டேன்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: போர் முடிந்த ஊரில் முதலில் எதைக் கட்ட வேண்டும்? வீடா, ரோடா, பள்ளிக்கூடமா?

கட்டுவதற்கு முன்னால் கண்ணிவெடி எடுக்க வேண்டும். முகமாலை என்ற ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று தங்கள் காணியை, அதாவது நிலத்தை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால், வன்னியைப் பொறுத்தவரை என் பதில் குளம். குளத்தில் தண்ணீர் நின்றால் நெல் வரும், மாட்டுக்கு வைக்கோல் வரும், பக்கத்துக் கிணறுகள் ஊறும். ஆள் இல்லாத ஆண்டுகளில் குளக்கட்டில் மரம் முளைத்து வேர் உள்ளே ஓடியிருந்தது. துருசு, அதாவது நம் ஊர் மதகு, அடைத்துக் கிடந்தது. வாய்க்கால் இருந்த இடமே தெரியவில்லை.

குளக்கட்டை உயர்த்துவது சுலபம், இயந்திரம் செய்துவிடும். அந்தக் குளத்து விவசாயிகளின் கூட்டத்தைத் திரும்பக் கூட்டுவதுதான் கஷ்டம். அங்கே அதற்குக் கமக்காரர் அமைப்பு என்று பெயர். எந்தத் தேதியில் துருசு திறப்பது, சிறுபோகத்துக்கு (மழை குறைந்த காலத்துச் சாகுபடி) எத்தனை ஏக்கர் விதைப்பது, தண்ணீர் குறைந்தால் யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் பேசி முடிவாகும்.

நான் அதைக் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்துதான். ஒரு வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் போட்டோம். ஒரு வாரத்தில் யாரோ அலவாங்கால் (நம் கடப்பாரை) இரண்டு இடத்தில் உடைத்திருந்தார்கள். கோபமாகப் போய் நின்றேன். ஒரு பெரியவர் உடைந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து சிதறலைக் கையால் ஒதுக்கினார். அடியில் தேய்ந்துபோன கருங்கல் படி. அதைச் சுற்றி ஈரத்தில் புதுக் குளம்புத் தடம். “தம்பி, முந்தியும் மாடு இதிலைதான் இறங்கினது” என்றார். வரைபடத்தை ஒரு மாலை அவர்கள் கூட்டத்தில் விரித்துக் காட்டியிருந்தால் அந்தச் சிமெண்ட் மிச்சமாகியிருக்கும்.

பெரம்பூர்: யாழ்ப்பாணத்துக்கு இப்போது ரயில் போகிறதா?

போகிறது. 1990-இல் நின்ற சேவை 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்பியது. தண்டவாளம் போட்டது நம் இந்திய ரயில்வேயின் கட்டுமான நிறுவனம் இர்கான்.

கொடுங்கையூர், மேஸ்திரி: இந்தியா கொடுத்த 50,000 வீடுகளைக் காண்ட்ராக்டரா கட்டினார்?

முதல் 1,000 வீடு அப்படித்தான். அதற்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் வீட்டுக்காரர்களே கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், வேலை முடிய முடியத் தவணையாக. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். தன் வீட்டுக் கலவையில் மணல் அதிகமானால் அந்த அம்மா விடமாட்டார், மேஸ்திரியான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு அறை கூட்டிக் கட்டியவர்கள் நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். கடன் வாங்கி வீட்டைப் பெரிதாக்க வேண்டாம் என்று ஒவ்வொரு அத்திவாரத்திலும் நின்று சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

ராயபுரம், சுய உதவிக் குழு: கணவரை இழந்த பெண்களுக்குத் தையல் மெஷின் அனுப்பலாமா?

ஒரே தெருவில் பன்னிரண்டு தையல் மெஷின் இருந்தால் தைக்கக் கொடுப்பது யார்? அந்த ஊரில் ஏற்கெனவே என்ன விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அங்குள்ள மாதர் சங்கம் சொல்லும்.

திருவொற்றியூர்: ஆடு, கோழி?

மேலே சொன்னதுதான்.

எண்ணூர்: சிறு கடன் கொடுத்து வாழ்வாதாரம் ஏற்படுத்தினால்?

வேண்டாம். வருமானம் வருவதற்கு முன்னால் தவணை வந்து வாசலில் நிற்கும். வாரத் தவணை கட்ட இன்னொரு கம்பெனியில் கடன், அதைக் கட்ட மூன்றாவது. 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் நிலை வந்தது. இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நால்வருக்கும் இதே பதில்.

கொருக்குப்பேட்டை: இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுக்கக் கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்களாமே. தமிழனுக்குத் தமிழன் தண்ணீர் தரமாட்டேன் என்பது நியாயமா? குடிநீர்தானே முதலில்?

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, கிணறுதான். அவர்கள் தாகம் உண்மை. ஆனால் இரணைமடுவில் சிறுபோகத்துக்கு வயல் முழுவதற்கும் தண்ணீர் போதாது, பங்கு போட்டுத்தான் விதைப்பார்கள். பல தடவை இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து திரும்பி, முதல் இரண்டு மூன்று விளைச்சல் எடுக்கும் நேரத்தில் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகிறோம் என்றால் பயம் வராதா? அவர்களைக் கேட்காமல் திட்டம் போட்டதுதான் தவறு.

மீஞ்சூர், விவசாயி: கொருக்குப்பேட்டைக்காரருக்கு நான் சொல்கிறேன். பட்டணத்துக்காக எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீரை இழுத்து இழுத்து, கடல் உள்ளே வந்து எங்கள் கிணறு உப்பானது. குடிநீர்தானே என்று எங்களிடமும் சொன்னார்கள்.

ஐயா, இதை நான் எழுத நினைத்திருந்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. மீஞ்சூரில் உப்பு ஏறுவது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. அப்புறமும் இழுத்தார்கள். நெல் போட்ட நிலத்தில் இன்று என்ன இருக்கிறது என்று கொருக்குப்பேட்டை நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்க்கட்டும். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கொருக்குப்பேட்டை, மறுபடியும்: அப்படியானால் யாழ்ப்பாணம் தவிக்கட்டுமா?

இல்லை. யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024-இல் திறந்தார்கள். காட்டுப்பள்ளியில் நமக்கு 2010-இல் வந்ததே, அதே வகை.

காட்டுப்பள்ளி, மீனவர்: அந்த நிலையம் கழிக்கும் உப்புத்தண்ணீர் எங்கள் கடலில்தான் விழுகிறது. அங்கேயும் மீனவனைக் கேட்டார்களா?

தாளையடி மீனவர்களும் இதே பயத்தைச் சொன்னார்கள். விவசாயியைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது மீனவருக்கும் பொருந்தும். இதில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை. இந்தத் தண்ணீர் விஷயத்தில் இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மணலி: பணம் அனுப்ப நல்ல தொண்டு நிறுவனம் ஒன்று சொல்லுங்கள்.

பெயர் சொல்லமாட்டேன். கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கிறார்களா என்று விசாரித்துக் கொடுங்கள்.

புழல் இலங்கை அகதிகள் முகாம், 31 வயதுப் பெண்: நான் இங்கே பிறந்தவள். அப்பாவுக்கு இரணைமடுவின் கீழ் வயல் இருந்தது. அவர் இப்போது இல்லை. பத்திரமும் இல்லை. திரும்பிப் போனால் ஏதாவது கிடைக்குமா?

அம்மா, வயல் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன். உங்கள் பிறப்பு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. அப்புறம், பத்திரம் தொலைந்தாலும் அரசு கொடுத்த காணியென்றால் பிரதேச செயலகத்து (நம் தாலுகா ஆபீஸ் மாதிரி) பதிவேட்டில் பெயர் இருக்க வாய்ப்புண்டு. அப்பா எந்த வாய்க்காலின் கீழ் விதைத்தார், பக்கத்து வயல் யாருடையது என்று அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டு எழுதி வையுங்கள். காலபோகம், அதாவது மழைக்காலச் சாகுபடி, அதற்கான விவசாயிகள் கூட்டம் மழைக்கு முன்னால் நடக்கும். அங்கே உறவினர் யாராவது இருந்தால் அந்தத் தாளோடு அவரைக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். எந்த வரப்பு யாருடையது என்று அங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும்.