கியூபா சுருட்டுக்கு இருக்கும் பெயர் நம் திருச்சி சுருட்டுக்கு ஏன் இல்லாமல் போனது?

மண், இலை, அரசியல் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம், சுருட்டுகிற ஆளுக்கு அங்கே கிடைத்த மரியாதை.

முதலில் பழைய கதை. புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவில் இறங்கியபோது, அங்கிருந்த டைனோ மக்கள் இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகைப்பதைப் பார்த்தார்கள். போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த அந்தச் செடி, திண்டுக்கல் வட்டாரத்தில் நன்றாக வேர் பிடித்தது. அந்த இலையை வாங்கித் திருச்சி உறையூரில் சுருட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி சுருட்டு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சி சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். படிக்கிறவர்களுக்குத் தனியாக விளக்கம் சொல்லத் தேவைப்படாத அளவுக்குப் பெயர் இருந்தது. மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கம்பெனியும் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது.

அப்புறம் சிகரெட் வந்தது. 1910-இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தொடங்கியது. அதன் பிறகு குண்டூர்ப் பக்கம் சிகரெட்டுக்கான வர்ஜீனியா புகையிலை பரவியது. காசு உள்ளவர்கள் சிகரெட்டுக்கும் இல்லாதவர்கள் பீடிக்கும் போய்விட, சுருட்டு நடுவில் மாட்டிக்கொண்டது. இன்று எங்கள் வியாசர்பாடியில் பெட்டிக்கடைக்குப் போய்ச் சுருட்டு கேட்டால், "சாமிக்கா?" என்றுதான் கேட்பார்கள். முனீஸ்வரன் படையலுக்கு வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் ஆயா அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். பர்மாவில் பெண்கள் சுருட்டுப் பிடிப்பது சர்வசாதாரணம். அந்த ஊர்ச் சுருட்டு வேறு மாதிரி. நறுக்கிய புகையிலையோடு அதன் தண்டுத் தூளும் கலந்து, வேறொரு மரத்தின் இலையில் சுற்றி, வாய் வைக்கும் பக்கம் சோளத் தோகையைச் செருகியிருப்பார்கள். இங்கே வந்த பிறகு ஆயா கடைச் சுருட்டுக்கு மாறினார். வாங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து விரலால் உருட்டிப் பார்ப்பார். சரசரவென்று சத்தம் கேட்டால் காய்ந்த சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுவார். அமுக்கினால் ஓரிடத்தில் கல் மாதிரி இருக்கக் கூடாது, ஓரிடத்தில் தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. கியூபாவின் தலைநகர் ஹவானாவிலும் கை இதைத்தான் தேடுகிறது.

ஹவானா சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, வெளியே போர்த்தும் இலை. நிரப்பும் இலையிலும் ரகம் உண்டு. செடியின் உச்சியில் வெயில் பட்டுத் தடித்த இலை காரமானது, மெதுவாக எரியும். அதை நடுவில் வைத்துச் சுற்றிலும் மற்ற இலைகளை வைப்பார்கள். இடம் மாறினால் ஒரு பக்கமாக எரிந்துகொண்டே போகும். இலையை மடித்து மடித்து வைப்பதில்தான் சூட்சுமம். நடுவே காற்று போக வழி இருக்க வேண்டும். போர்த்தும் இலையை வெயில் படாமல் துணிப்பந்தலுக்குக் கீழே வளர்க்கிறார்கள். பறித்துக் காயவைத்த இலையை அம்பாரமாகக் குவித்துப் புழுங்க விட்டு, சூடு ஏறியதும் பிரித்துப் புரட்டி மறுபடி குவிக்கிறார்கள். அதில்தான் அதன் காட்டம் அடங்குகிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1865-இல் ஹவானாவில் எல் ஃபிகாரோ என்ற தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. வரிசையாக உட்கார்ந்து சுருட்டுகிறவர்களுக்கு ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுவார். செய்தித்தாள், நாவல், அரசியல், எல்லாம் உண்டு. அவருக்குச் சம்பளம் முதலாளி தருவதில்லை. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். என்ன படிக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். பிடித்துப்போனால் கையிலிருக்கும் வெட்டுக்கத்தியால் பலகையைத் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பானிய அரசு பயந்துபோய் அடுத்த வருடமே தடை போட்டது. ஆனாலும் வழக்கம் சாகவில்லை. கடல் தாண்டி ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்துக்கும் போனது. அங்கே 1931-இல் முதலாளிகள் படிப்பவரை நிறுத்தியபோது தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாண்டே கிறிஸ்டோ என்ற புகழ்பெற்ற சுருட்டின் பெயரே, அப்படிப் படித்துக் கேட்ட அலெக்சாந்தர் தூமா நாவலிலிருந்து வந்ததுதான்.

வடசென்னைக்காரனுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது. படிப்பகத்தில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, எழுத்து தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆலைக்கு அது வாய்த்தது. நம் சுருட்டுக்கு வாய்க்கவில்லை. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் வந்ததே 1966-இல்தான். அதற்குள் சுருட்டு இறங்குமுகத்தில் இருந்தது. கியூபாவிலோ 1962-இல் அமெரிக்கா போட்ட வர்த்தகத் தடைகூட அந்தச் சுருட்டின் மவுசை ஏற்றத்தான் செய்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை, வாயில் நின்றாலே நிகோடின் ஏறிவிடும். காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர்கள் வாயிலேயே அதை வைத்திருந்ததும் அதனால்தான், வாய்ப் புற்றுநோய் வருவதும் அதனால்தான். ஆந்திரக் கடலோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில் புற்று வருவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் இதைப் பிடிக்கச் சொல்லி எழுதவில்லை. உறையூரில் இன்றும் கையால் சுருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால், எந்த இலையை எங்கே வைக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், என்ன கூலி கிடைக்கிறது என்றும் கேளுங்கள்.