பிளெண்ட் நடுவில் ஒலி குறைவதும் ஓரங்களில் அடங்குவதும்

வணக்கம். ஜாஸ் பேஸ் கிட்டாரின் இரண்டு வால்யூம் குமிழ்களை எடுத்துவிட்டு, 'பி250கே' (250 கிலோஓம்) இரட்டை 'பாட்' (ஒரே குமிழால் திரும்பும் இரண்டு மாறும் மின்தடைகள்) ஒன்றைக் கொண்டு பிளெண்டும் (இரு பிக்அப்களின், அதாவது தந்தி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்களின், ஒலியைக் கலக்கும் குமிழ்) தனியாக ஒரு வால்யூமும் அமைத்த பிறகு, நடுவில் ஒலி மங்குவதாகவும் இரு ஓரங்களிலும் முற்றிலும் நின்றுவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இதில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன.

பிக்அப் கம்பிகளை பிளெண்டின் ஓர முனைகளிலும் வெளியீட்டை நடு முனைகளிலும் பற்றவைத்திருக்கிறீர்கள். அதனால் ஓர் ஓரத்துக்குத் திருப்பும்போது ஒரு தடத்தின் (இரட்டை 'பாட்'டில் உள்ள இரு மின்தடைகளில் ஒன்று) நடு முனை நேராகத் தரையை (மின்சுற்றின் கிரவுண்ட்) தொட்டு, மற்ற பிக்அப்பின் ஒலியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. பிக்அப்பை நடு முனைக்கும் வெளியீட்டை ஓர முனைக்கும் மாற்றுங்கள்.

அடுத்தது 'பாட்'டின் வகை. 'பி' என்பது நேர்விகிதத் தடம். நடுவில் இரண்டு பிக்அப்களுமே பாதித் தடையைக் கடந்துதான் வர வேண்டும். பிளெண்டுக்கென்றே வரும் எம்என் வகையில் நடுவில் இரண்டும் முழு வலிமையோடு கிடைக்கும். 500 கிலோஓம் வாங்குங்கள்: இரு தடங்களும் இணையாக 250 ஆகி, உங்கள் 250 வால்யூமுடன் சேர்ந்து 125 கிலோஓம் சுமை தரும். பழைய இரண்டு வால்யூம்களும் முழுதாகத் திறந்திருந்தபோது இருந்ததும் இதே சுமைதான் என்பதால் பளிச்சென்ற மேல்சுரங்கள் குறையாது.

இரு தடங்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருப்பதால் இணைப்புப் படத்தை நம்பிப் பற்றவைக்க வேண்டாம். நானே ஒருமுறை அப்படி ஏமாந்தேன். குமிழை நடுப் பள்ளத்தில் நிறுத்தி மல்டிமீட்டரால் அளந்து, நடு முனையிலிருந்து ஏறக்குறைய சுழியம் காட்டும் ஓர முனையை வால்யூமுக்கும், முழு 500 காட்டுவதைத் தரைக்கும் இணையுங்கள்.